தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் இல்லை

(தோட்டத்து மாதர் சங்கக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் மலையில் நின்ற கால் இன்றைக்குத்தான் கொஞ்சம் ஓய்கிறது. அதிலும் துணி மூட்டை வீட்டில் காத்துக்கொண்டு இருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை. ஒரே ஒரு விசயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நாம் குடிக்கிற தண்ணீர்.

"தண்ணியப் பத்தி எங்களுக்கு என்னா சொல்லித்தரப் போறீங்க? அதுதான் வாசல்ல ஓடுதே" என்று நீங்கள் நினைக்கலாம். முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லி விடுகிறேன். பிறகு நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

நான் பிறந்ததும் லயத்துக் காம்பராவில்தான். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது என் தம்பிக்கு ஒன்றரை வயது. ஆடி மாதத்து மழை. பீலிக்குத் தண்ணீர் வருகிற குழாய் மேலே மண் சரிந்து அடைபட்டுப் போனது. நாலைந்து நாளாக லயமே ஆற்றில்தான் தண்ணீர் அள்ளியது. நானும் இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு போய் அள்ளி வந்தேன். ஒரு நாள் காலையில் தம்பிக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. தண்ணீர் தண்ணீராகப் போனது. பிள்ளை "தண்ணி, தண்ணி" என்று கையை நீட்டினான். அப்பாயி கொடுக்க விடவில்லை. "வகுத்தால போற புள்ளைக்குத் தண்ணி குடுத்தா இன்னும்தானே போகும்?" என்றார். அம்மாவும் அதை நம்பினார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

மறுநாள் பிள்ளையின் கண் உள்ளே போய்விட்டது. அழுதான், கண்ணீர் வரவில்லை. கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பாதி வழியில் லொறி திரும்பி வந்தது.

அப்பாயி கெட்ட மனுசி இல்லை. பேரன் மேல் உயிரையே வைத்திருந்தவர். தெரியாததுதான் அவர் செய்த குற்றம். பின்னால் நான் இந்த வேலைக்குப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. தம்பிக்கு நோய் வந்தது அழுக்குத் தண்ணீர் குடித்ததால். தம்பி செத்தது நல்ல தண்ணீர் கொடுக்காததால். இன்றைக்கு நான் பேச வந்தது இந்த இரண்டு விசயங்களைத்தான்.

ஆறு எப்படி அழுக்காகிறது?

உங்கள் பீலித் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு நாள் மேலே ஏறிப் போய்ப் பாருங்கள். நான் வேலை செய்த தோட்டங்களில் எல்லாம் அப்படிப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஊற்றுக் கண்ணில் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். அங்கேயிருந்து இறங்கி வரும்போது கணக்குப் போடுங்கள். முதலில் மேட்டு லயம். அதற்குப் பின்னால் நிரம்பி வழிகிற கக்கூஸ் குழி. அதற்குக் கீழே மாட்டுப்பட்டி. அப்புறம் மரக்கறித் தோட்டம். கோழி எருவும் உரமும் மழையோடு சேர்ந்து ஓடையில் இறங்குகிறது. மருந்தடித்த கான்களை அலசுவதும் அந்த ஓடையில்தான். துணி துவைப்பதும், குளிப்பதும், பிள்ளையின் பீத்துணி கழுவுவதும் அங்கேதான். கீழே வந்தால் பணிய லயத்து அக்கா குடத்தை முக்கிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு மேலே நடந்தது எதுவும் தெரியாது.

பணிய லயத்தோடு அது நின்று விடுவதும் இல்லை. கெகல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. கொழும்புச் சனங்கள் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி அந்தக் கங்கையில் எடுப்பது. கொத்மலை ஓயா மகாவலியில் சேர்ந்து, கண்டியைச் சுற்றி, திருகோணமலைப் பக்கம் கடலில் விழுகிறது. ஆகவே யாரோ ஒருவருக்கு நாமும் மேட்டு லயந்தான். இந்த நாட்டுக்குத் தண்ணீர் அனுப்புகிற மலையில் இருந்துகொண்டு நமக்கே நல்ல தண்ணீர் இல்லை என்றால், அதைவிட வேறு கொடுமை என்ன இருக்கிறது?

"பார்த்தா கண்ணாடி மாதிரி இருக்கே?"

இந்தக் கேள்வியை எல்லாத் தோட்டத்திலும் கேட்டிருக்கிறேன். தண்ணீர் கலங்கியிருந்தால் நாம் பயப்படுகிறோம். தெளிந்திருந்தால் பயப்படுவதில்லை. ஆனால் நோயைக் கொண்டுவரும் கிருமி கண்ணுக்குத் தெரியாது. வாசமும் இல்லை, ருசியும் இல்லை.

ஒரு பழைய கதை சொல்கிறேன். 1854ஆம் ஆண்டு லண்டன் நகரத்தில் ஒரு தெருவில் வாந்திபேதி வந்தது. சில கிழமைகளுக்குள் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் அந்தக் காலத்துப் பெரிய டொக்டர்மாரும் சொன்னார்கள். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் மட்டும் வீடு வீடாகப் போய், "எங்கே தண்ணீர் எடுத்தீர்கள்?" என்று கேட்டார். செத்தவர்களில் அநேகம் பேர் ஒரே பம்பில் தண்ணீர் எடுத்தவர்கள். அந்தத் தண்ணீர் ருசியான தண்ணீர் என்று பெயர் எடுத்தது. வேறு ஊருக்குக் குடி போன ஒரு விதவை அம்மா, அந்த ருசிக்காகவே தினமும் போத்தலில் வரவழைத்துக் குடித்தாராம். அவரும் செத்தார். செப்டெம்பர் 8ஆம் திகதி பம்பின் கைப்பிடியைக் கழற்றி வைத்தார்கள். பிறகு தோண்டிப் பார்த்தால், கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டின் மலக்குழி. வயிற்றோட்டத்தில் கிடந்த ஒரு கைக்குழந்தையின் துணியைக் கழுவிய தண்ணீரை அதில்தான் ஊற்றியிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் துணி அலசிய தண்ணீர் ஒரு தெருவையே அழித்தது.

என்னென்ன நோய் வரும்?

முதலாவது வயிற்றோட்டம். பெரியவர்கள் இரண்டு நாளில் எழுந்து விடுவார்கள். சின்னப் பிள்ளையின் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வேகமாக இறங்கிவிடும். ஒரே நாளில் ஆபத்தாகலாம்.

இரண்டாவது இரத்தக்கழிச்சல். சீதமும் இரத்தமுமாகப் போகும், காய்ச்சலும் வயிற்று முறுக்கலும் இருக்கும். வீட்டில் வைத்துப் பார்க்கிற நோய் இல்லை இது.

மூன்றாவது நெருப்புக்காய்ச்சல். தண்ணீர் குடித்து ஒன்று தொடக்கம் மூன்று கிழமை கழித்துக் காய்ச்சல் படிப்படியாக ஏறும். கவனிக்காமல் விட்டால் குடலில் ஓட்டை விழும்.

நான்காவது மஞ்சள் காமாலை. இந்தக் கிருமி உடம்பில் புகுந்து இரண்டு தொடக்கம் ஆறு, ஏழு கிழமை கழித்துத்தான் கண் மஞ்சளாகும். அதனால்தான் தண்ணீரை நாம் சந்தேகிப்பதே இல்லை. போன மாதம் குடித்ததை யார் நினைவு வைத்திருப்பார்? 2007ஆம் ஆண்டு கம்பளைப் பக்கம் இந்தக் காமாலை பெரிதாகப் பரவியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

ஐந்தாவதை யாரும் நோய் என்று சொல்வதே இல்லை. பிள்ளை வளராமல் போவது. மாதத்துக்கு ஒரு தரம் வயிற்றோட்டம் வருகிறது, வயிற்றில் பூச்சி வேறு. தின்கிற சோறு உடம்பில் ஒட்டாது. 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த கணக்கில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் மட்டும் 32 பேர். "எங்க சாதிசனமே கட்டைதான்" என்று சொல்லிச் சிரிக்கிறோம். சாப்பாடு குறைவு, தாயின் உடம்பில் சத்துக் குறைவு என்று காரணம் பல உண்டு. ஆனால் அழுக்குத் தண்ணீருக்கும் அதில் பங்கு இருக்கிறது. தராசில் பிள்ளையின் நிறையைப் பார்த்துப் பார்த்து எழுதியவள் நான். வயிற்றோட்டம் வந்த மாதத்தில் எல்லாம் அட்டையில் கோடு கீழே இறங்கும்.

இங்கே ஒரு பெரியவர், "நாங்க காலங்காலமா இந்தத் தண்ணியத்தானே குடிக்கிறோம், எங்களுக்கு என்னா ஆச்சு?" என்று கேட்பார். ஐயா, கோபிக்க வேண்டாம். நீங்கள் தப்பிப் பிழைத்தவர், அதனால் இங்கே வந்து கேட்கிறீர்கள். என் தம்பி வந்து சொல்ல முடியாது. பெரியவர்களின் உடம்பு பல கிருமிகளோடு போராடிப் பழகியது. தொட்டில் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நாம் வீட்டில் செய்யக்கூடியது

நாம் தேயிலைக்காரர்கள். நமக்கு ஒரு நல்ல பழக்கம் ஏற்கனவே இருக்கிறது. சாயத்தண்ணி கொதித்த தண்ணீர். மலைக்குக் கொண்டு போகிற சாயத்தண்ணியால் நோய் வருவதில்லை. பகல் தாகத்துக்கு ஓடையில் குனிந்து நிரப்புகிற பிளாஸ்டிக் போத்தலால்தான் வருகிறது. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகிற போத்தலையும் பீலியில்தானே பிடித்துக் கொடுக்கிறோம்? அதையும் பாருங்கள்.

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சூடாக்கினால் மட்டும் போதாது. பெரிய பெரிய குமிழி வந்து தளதளவென்று கொதிக்க வேண்டும். நுவரெலியா மாதிரி உயரமான இடங்களில் தண்ணீர் 94 பாகைச் சூட்டிலேயே கொதித்து விடும். அதற்கும் கிருமி சாகும், பயப்பட வேண்டாம். ஆனாலும் நம் உயரத்துக்கு மூன்று நிமிசம் விட்டுக் கொதிக்க வைத்தால் மனசுக்கு நிம்மதி.

கலங்கல் தண்ணீர் என்றால் முதலில் தெளிய விட்டு, மேலாக எடுத்து, மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பிறகு கொதிக்க வையுங்கள். வடிகட்டுவது மட்டும் போதாது. துணியின் கண்ணுக்குள் கிருமி நுழைந்து போகும்.

இனி நான் சொல்லப் போகிறது நிறைய வீட்டில் நடக்கிற பிழை. கேத்தலில் நன்றாகக் கொதிக்க வைப்பார்கள். பிள்ளை அழுகிறான் என்று ஆற்றுவதற்காக அதிலே பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலப்பார்கள். அத்தனை விறகும் வீண்! ஆற வையுங்கள், கலக்க வேண்டாம். ஆறிய தண்ணீரை மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். டம்ளரைக் கையோடு உள்ளே முக்காமல் சாய்த்து ஊற்றுங்கள். கக்கூசுக்குப் போய் வந்தாலும், பிள்ளைக்குக் கால் கழுவி விட்டாலும், சமைக்குமுன்னும் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

விறகுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ராத்திரி சோறு இறக்கியவுடன் அடுப்பு எரிந்துகொண்டு இருக்கும்போதே கேத்தலை ஏற்றி விடுங்கள். காலையில் பெரட்டுக்கு ஓடுகிற நேரத்தில் ஆறிய தண்ணீர் தயாராக இருக்கும். எல்லோருக்கும் முடியாவிட்டாலும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும், நோயாளிக்குமாவது தவறாமல் செய்யுங்கள். இதைப் பொம்பளை தலையில் மட்டும் கட்ட வேண்டாம். பின்னால் நிற்கிற தம்பிமாருக்கும் கேத்தல் ஏற்றத் தெரியும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். உரமும், பூச்சிமருந்தும், களைமருந்தும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவை இன்னும் செறிவாகும். உரத்தில் இருக்கிற நைத்திரேற்று கைக்குழந்தைக்குக் கூடாது. இரத்தம் ஒட்சிசன் சுமக்கிற சக்தியைக் குறைக்கும், பிள்ளை நீலம் பாரிக்கும். ஆகவே மருந்தடித்த கானை, தெளிகருவியை ஒருநாளும் ஓடையில் கழுவ வேண்டாம். மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே இருக்கிற ஓடைத் தண்ணீரைக் குடிக்கவே வேண்டாம்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்துவிட்டால்

என் தம்பிக்குச் செய்யாததை உங்கள் பிள்ளைக்குச் செய்யுங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள். போகப் போகக் கொடுங்கள்.

ஜீவனி பக்கட் ஒன்றிரண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பக்கட்டில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். குறைத்தும் கூட்டியும் கரைக்கக் கூடாது. ஜீவனி இல்லையா? கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. கரைத்து ருசி பாருங்கள், கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை போன பின்னும் கரண்டி கரண்டியாகப் பருக்குங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிசம் பொறுத்து மறுபடி மெதுவாகக் கொடுங்கள். கரைத்தது ஒரு நாளைக்குத்தான். மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கஞ்சியும் கொடுக்கலாம். கடைச் சோடாவும், வயிற்றோட்டத்தைக் கட்டுகிற குளிசையும் பிள்ளைக்கு வேண்டாம். நாகச் சத்து மருந்து வைத்தியசாலையில் கொடுத்தால், வயிற்றோட்டம் நின்ற பிறகும் சொன்ன நாள் முடியும்வரை கொடுங்கள்.

கண் குழி விழுந்தாலும், அழும்போது கண்ணீர் வராவிட்டாலும், மூத்திரம் போகாவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நிமிசமே கிளம்புங்கள். போகிற வழியிலும் பருக்கிக்கொண்டே போங்கள்.

நாம் சேர்ந்து செய்ய வேண்டியது

கேத்தலோடு நம் வேலை முடியவில்லை. நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் பெரிய சண்டை. பணிய லயத்தில் ஒரே மாதத்தில் பல பிள்ளைகளுக்கு இரத்தக்கழிச்சல். "மேல உள்ளவங்க பீயத்தான் நாங்க குடிக்கிறோம்" என்று இவர்கள் சத்தம் போட்டார்கள். திருவிழாவுக்குக்கூட ஒருவர் வாசலுக்கு ஒருவர் போகவில்லை. நான் இரண்டு பக்கத்துத் தாய்மாரையும் பிள்ளைக்காம்பராவுக்குக் கூப்பிட்டேன். மேட்டு லயத்து அக்கா ஒருவர் அழுதுகொண்டே சொன்னார்: "எங்க குழி ரொம்பி ரெண்டு வருசமாச்சு டீச்சரம்மா. சொல்லாத எடமில்ல. ராத்திரியில வயசுப் புள்ளைய எங்க கூட்டிக்கிட்டுப் போறதுன்னு தெரியாம நாங்க ஓடைக்குப் போறோம். எங்களுக்கு மட்டும் ஆசையா?"

காம்பராவே அமைதியாகிவிட்டது. அப்புறம் பணிய லயத்து அக்காதான் எழுந்து, "அப்போ நம்ம ரெண்டு லயமும் சேர்ந்து கடுதாசி குடுப்போம்" என்றார். கொடுத்தார்கள். ஒரு பிரதியைத் திகதி போட்டு வாங்கி வைத்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒன்று போனது. ஒன்றும் அடுத்த கிழமையே நடந்துவிடவில்லை. எட்டு மாதம் போனது. மூன்று தடவை ஞாபகக் கடிதம் போனது. கடைசியில் புதுக் குழி வெட்டினார்கள். ஊற்றைச் சுற்றி இரண்டு லயத்து ஆண்களும் சிரமதானம் செய்து கல் கட்டி மூடினார்கள். குழாய் போட்டார்கள். இதற்கும் முன்னால் எத்தனையோ கடுதாசி போயிருந்தது. அதிலெல்லாம் ஒரு லயத்துக் கையெழுத்துத்தான் இருந்தது.

ஆகவே இதைச் செய்யுங்கள். ஊற்றைச் சுற்றி வேலி அடையுங்கள், மாடு இறங்கக் கூடாது. கக்கூஸ் குழி தண்ணீரெடுக்கும் இடத்துக்குக் கீழ்ப்பக்கமாக, குறைந்தது 30 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். தாங்கியை மூடி வையுங்கள், கழுவுங்கள். குளோரின் போடுவதைச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுச் செய்யுங்கள். தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். குடிதண்ணீர் 100 மில்லிலீற்றரில் மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் சட்டதிட்டம். பெருமழைக்கும் மண்சரிவுக்கும் பிறகு இரட்டிப்புக் கவனம் தேவை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் மலைகளைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். குழாய் உடைந்தால், வெள்ளம் புகுந்தால், கொதிக்க வைக்காத ஒரு சொட்டும் குடிக்க வேண்டாம்.

நல்ல தண்ணீர் கேட்பது பிச்சை கேட்பது இல்லை. 2010ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை பாதுகாப்பான குடிதண்ணீர் மனித உரிமை என்று தீர்மானம் எடுத்தது. கொதிக்க வைப்பது நம் கடமை. கொதிக்க வைக்காமலே குடிக்கக்கூடிய தண்ணீரைத் தருவது பொறுப்பில் உள்ளவர்களின் கடமை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறக்கவும் கூடாது, மறக்க விடவும் கூடாது.

முடித்து விடுகிறேன். என் அம்மா கடைசிக் காலம்வரை, யார் வீட்டில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று கேட்டாலும் உப்பும் சீனியும் மடித்துக்கொண்டு போய் நிற்பார். "குடுங்க, குடுங்க, கேக்கக் கேக்கக் குடுங்க" என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

இன்றைக்கு ராத்திரி சோறு இறக்கியதும் கேத்தலை ஏற்றுங்கள். நாளைக்குப் பெரட்டில் பக்கத்தில் நிற்கிறவரிடம், "நீங்க ஏத்துனீங்களா?" என்று கேளுங்கள்.